எட்டுப் பிணமும் ஒரு சாம்பிராணித் தட்டும்

பிணமாகக் கிடப்பதற்கும் இடுப்பு நன்றாக இருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் இடுப்பு நன்றாக இல்லை. விடியற்காலை நாலு மணிக்குக் குவாரிக்குள் இறங்கி, பகல் ஒரு மணிவரை சம்மட்டி போட்டுவிட்டு, இரண்டு லாரிக்கு ஜல்லி ஏற்றியிருந்தேன். கையைத் தூக்கினால் தோள் வலித்தது. தூக்காவிட்டாலும் வலித்தது. அப்படியே வந்து, தாம்பரம் ரயில்வே காலனி மைதானத்தில் போட்டிருந்த மேடையில், சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.

1985, டிசம்பர் ஒன்று. மறுநாள் ராத்திரியோடு போபாலில் விஷவாயு கசிந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குத்தான் நாடகம்.

நாடகத்தை எழுதி, சொல்லிக்கொடுத்து, நடுவில் நின்று கவிதையும் சொல்லப்போகிறவர் தட்சிணாமூர்த்தி சார். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, தாடி, ஜோல்னாப் பை. 'விழிப்பு கலைக்குழு' என்று ஒன்று வைத்திருந்தார். அதில் முதலில் அவருடைய ஆபீஸ்காரர்கள்தான் பிணமாக இருந்தார்களாம். ஒருவர் செத்த பிறகும் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்றாராம். ஒரு அதிகாரி, கிளார்க்குக்குப் பக்கத்தில் சாக மாட்டேன் என்றாராம். வெறுத்துப்போன சார், பஸ் ஏறி திருநீர்மலைக்கு வந்து, எங்கள் குவாரி ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

உழைக்கிற உடம்பு எட்டு வேண்டும் என்றார். நடிக்கவே தேவையில்லை, சும்மா படுத்திருந்தால் போதும் என்றார். ஒத்திகைக்கு டீயும் பன்னும், நாடகத்தன்று பரோட்டா, சால்னா.

எங்களில் மூத்தவர் பொன்னுரங்கம். பாறைக்கு வெடி வைக்கிறவர், ஆளே ஒரு பாறை மாதிரி இருப்பார். அவர் சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா படுக்கறதுக்கு எங்களைக் கூப்ட்ட மொத ஆளு நீதான் சார்."

ஐந்து ஆம்பளை, மூன்று பொம்பளை சேர்ந்தோம். நவம்பர் முழுக்க மழை. குவாரி குளமாகிக் கிடந்தது, வேலை கிடையாது, பன் கிடைத்தால் லாபம். சார் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். தினமும் பகலில் பஞ்சாயத்து ஸ்கூல் தாழ்வாரத்தில் ஒத்திகை. முதல் காட்சியில் ஊர் தூங்குகிறது, நாங்கள் படுத்திருக்க வேண்டும். இரண்டாவது காட்சியில் வாயு வருகிறது, இருமி, நெளிந்து, சாக வேண்டும். மூன்றாவதில் சார் இருபது நிமிஷம் கவிதை சொல்லுவார், நாங்கள் செத்தபடி இருக்க வேண்டும். கடைசியில் "எழுந்து சாட்சி சொல்லுங்கள்" என்பார், ஒவ்வொருவராக எழுந்து கையை நீட்டி ஜனங்களைப் பார்க்க வேண்டும். நாலு காட்சிக்கும் படுக்கை ஒன்றுதான். இதைவிட எளிதான வேலை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

கங்கையம்மாளுக்கு மட்டும் பன் முக்கியமில்லை. கங்காக்கா எங்கள் தெருதான். உட்கார்ந்து ஜல்லி உடைக்கிறவள், முப்பத்தைந்து வயசிருக்கும். அவள் தம்பி அப்பாதுரை எண்பத்துமூன்றில் ஒரு மேஸ்திரியோடு ரயில்பாதைக்குக் கல் போடும் வேலைக்கு வடக்கே போனான். யாரையோ விட்டு எழுதி மூன்று இன்லண்ட் லெட்டர் போட்டான். மூன்றிலும் போபால் முத்திரை. வாயு கசிந்த பிறகு லெட்டர் இல்லை. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. மேஸ்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். காரியம் பண்ணிவிடு என்று சொன்ன சொந்தக்காரர்களை கங்காக்கா சுத்தியலைக் காட்டித் துரத்தினாள்.

நாடகம் ரயில்வே காலனியில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவள் கணக்கு வேறாகிவிட்டது. அங்கே கார்டு, டிரைவர், டிக்கெட் பரிசோதகர் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். அவர்களில் யாராவது அந்தப் பக்கம் போய்வருகிறவர்களாக இருப்பார்கள். மைக் இருக்கிறது. மைக்கில் தம்பி பெயரைச் சொன்னால் யார் காதிலாவது விழும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சார் ஒப்புக்கொள்ளவில்லை. இது ஒரு ஆளுடைய துக்கமில்லை, ஒரு தேசத்தின் துக்கம் என்று விளக்கினார். பெயர் வந்துவிட்டால் யூனிவர்சலாக இருக்காதாம். செத்தவர்களுக்கு முகமே இருக்கக் கூடாது, அதனால்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி என்றார்.

கங்காக்கா பன்னை டீயில் முக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஊரு பேரு மட்டும் எய்தி லெட்டர் போட்டா யாரு சார் பிரிப்பாங்க? ஆளு பேரு போட்டாத்தான் போய்ச் சேரும்."

சார் தாடியைச் சொறிந்தார். இரண்டு நாள் யோசித்தார். பிணம் ஒன்று குறைந்தால் மேடை இடதுபக்கம் காலியாகத் தெரியும் என்ற பயமும் இருந்திருக்கும். கடைசியில், முதலில் எழுகிறவள் நீ, ஒரு வரி சொல்லிக்கொள் என்றார்.

அந்த ஒரு வரிக்கு நடந்த பேரத்தை மீன் மார்க்கெட்டில்கூட நான் பார்த்ததில்லை. சார் எழுதிக்கொடுத்தது "என் தம்பி அப்பாதுரை!" அவ்வளவுதான். அவள் அதோடு திருநீர்மலை, அப்பா பெயர், வயசு இருபத்துநாலு, மாநிறம், வலது புருவத்தில் கல் தெறித்த தழும்பு, சிரித்தால் ஈறு தெரியும், எல்லாம் சேர்த்தாள். இது போலீஸ் ஸ்டேஷன் இல்லை என்றார் சார். அவள் ஈறை விட்டுக்கொடுத்தாள். சார் திருநீர்மலையை அனுமதித்தார். மாநிறத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. கடைசியில் முடிந்த வரி இது: "என் தம்பி அப்பாதுரை. திருநீர்மலை. வலது புருவத்துல தழும்பு. போபால்ல இருந்தான். பாத்தவங்க சொல்லுங்க." கல் உடைக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்.

விஷவாயுதான் கடைசிவரை சரியாக அமையவில்லை. சினிமாவில் விடுகிற புகை மெஷின் கிடைக்கவில்லை. ஒரு நாள் பழைய சைக்கிள் டயரைக் கொளுத்திப் பார்த்தோம். எங்களோடு சேர்ந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் இரும, ஹெட்மிஸ்டிரஸ் எங்களை வெளியே தள்ளினார். அப்புறம்தான் சாருக்கு மஸ்தான் பாய் ஞாபகம் வந்தது.

மஸ்தான் பாய் தாம்பரம் மார்க்கெட்டில் சாயங்காலமானால் கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர். கையில் தணல் தட்டு, மயில் தோகை விசிறி, தோளில் பச்சைத் துண்டு. அவர் கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு மேடைக்கு வந்து எங்கள் மேல் புகையை விட வேண்டும். அதுதான் வாயு. நீங்கள் வில்லன் பாய், கொடூரமாக வர வேண்டும் என்று சார் சொல்லிக்கொடுத்தார். பாய் வருத்தப்பட்டார். முப்பது வருஷமாக இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் கொடூரமாகப் போனதில்லை என்றார். நாடகத்தன்று நேராக வந்துவிடுகிறேன், ஒத்திகைக்குச் சாம்பிராணி வீணாக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஆக, ஒத்திகையெல்லாம் வேலையில்லாத நாட்களில், புகையில்லாமல் நடந்தது. இந்த இரண்டையும் யாரும் யோசிக்கவில்லை.

நாடகத்துக்கு நாலு நாள் முன்னால் மழை விட்டது. குவாரித் தண்ணீர் வடிந்தது. நின்றுபோன லோடையெல்லாம் முதலாளி ஒரே வாரத்தில் கேட்டார். ஞாயிறும் வேலை. எட்டுப் பிணமும் நாலு மணிக்கே குவாரியில் இறங்கிக் கல் உடைத்துவிட்டுத்தான் மேடை ஏறின.

மேடையில் ஷாமியானாக்காரர் ஜமுக்காளம் விரித்திருந்தார், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு. அவ்வளவு மெத்தென்ற இடத்தில் நான் அதுவரை படுத்ததில்லை. மேலே ஆளுக்கொரு வெள்ளைத் துணி. டிசம்பர் காற்று வேறு. ஆம்பளை வரிசை முடிகிற இடத்தில் நான், பொம்பளை வரிசை தொடங்குகிற இடத்தில் கங்காக்கா. திரை விலகுவதற்கு முன் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டேய் சிட்டிபாபு, கண்ணு சொருகுதுடா. நான் தூங்கிட்டா கிள்ளி உடு."

"கிள்றேன்கா."

"நல்லா நறுக்குனு கிள்ளு. வெக்கப்படாத."

"ரத்தம் வர்ற மாதிரி கிள்றேன், போதுமா?"

"அது போதும்" என்று சொல்லிவிட்டுத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

திரை விலகியது. எனக்கு நன்றாக நினைவிருப்பது மஸ்தான் பாயின் காலடிச் சத்தம்வரைதான். அதற்கப்புறம் சாம்பிராணி வாசனை வந்தது. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கூடையைக் கவிழ்த்து அடியில் சாம்பிராணி காட்டுவார்கள். அதோடு பிள்ளை மூன்று மணி நேரம் எழுந்திருக்காது. எட்டுப் பேருடைய உடம்பும் அந்த வாசனையை மறக்கவில்லை. ஒன்பது மணி நேரம் சம்மட்டி அடித்த கை, கால், இடுப்பு எல்லாம், அப்பாடா, யாரோ நம்மைக் குளிப்பாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டன.

மீதி கதை மஸ்தான் பாய் பிறகு சொன்னது.

பாய் கொடூரமாகத்தான் வந்தாராம். ஆனால் தட்டைக் கையில் எடுத்ததும் பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொருவர் தலைமாட்டிலும் நின்று, தலை முதல் கால்வரை பொறுமையாக விசிறினார். பொன்னுரங்கத்துக்கு உடம்பு பெரிது என்பதால் இன்னொரு பிடி சாம்பிராணி போட்டார். புகை மேடையிலிருந்து இறங்கி முன்வரிசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்கள், கடையில் செய்கிற மாதிரியே, விஷவாயுவை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மா மடியிலிருந்த பேரப்பிள்ளையைத் தூக்கிப் புகையில் காட்டினாராம்.

நாங்கள் இருமவில்லை. நெளியவில்லை. ஏற்கெனவே தூங்கிவிட்டவர்கள் அப்படியே செத்ததாகக் கணக்கு.

சார் கவிதை ஆரம்பித்தார். கவிதையில் மௌனம் வருகிற இடமெல்லாம் பொன்னுரங்கத்தின் குறட்டை வந்தது. பிணங்களின் கடைசி மூச்சைப் பிடிப்பதற்காக சாரே ஒரு மைக்கை மேலேயிருந்து தொங்கவிட்டிருந்தார். அது நேராக பொன்னுரங்கத்தின் வாய்க்கு மேல் இருந்தது. முதல் குறட்டைக்கு யாரும் சிரிக்கவில்லை, ஏதோ மிஷின் ஓடுகிறது, ஃபாக்டரி சத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். மூன்றாவது குறட்டை விசிலோடு முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்தார். அப்புறம் மைதானமே குலுங்கியது.

சார் விடவில்லை. இருபது நிமிஷத்தையும் முடித்தார். விளக்கு முழுசாக எரிந்தது. "இறந்தவர்களே, எழுந்து சாட்சி சொல்லுங்கள்!" என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்துவிட்டதாம். அப்போது முன்வரிசையில் காக்கிச் சட்டையோடு, டியூட்டி முடிந்து நேராக வந்திருந்த ஒரு ரயில்வேக்காரர் சொன்னார்.

"உடுங்க சார், பாவம். தூங்கட்டும்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை என்றார் பாய். போபாலில் செத்தவர்களும் பாதிப் பேர் இப்படிப் படுத்திருந்தவர்கள்தானே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்களாம். சொன்னது யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். பாய்தான் சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம். திரையை இழுத்துவிட்டார்கள்.

எங்களை எழுப்பியது சால்னா. பரோட்டாப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். எழுந்த வேகத்தைப் பார்த்து, இதைப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் செய்யக் கூடாதா என்று சார் தலையில் அடித்துக்கொண்டார்.

கங்காக்கா மட்டும் உட்காரவில்லை, நேராக எழுந்து நின்றுவிட்டாள். தூக்கம் முழுசாகப் போகவில்லை. எதிரே சிவப்புத் திரை. சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினாள்.

"என் தம்பி அப்பாதுரை. திருநீர்மலை. வலது புருவத்துல தழும்பு. போபால்ல இருந்தான். பாத்தவங்க சொல்லுங்க."

ஒரு சொல் தப்பவில்லை. மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்டது. ஆட்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரையை விலக்கிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா கிள்ளல?"

நான் வாயில் பரோட்டாவோடு இருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால், அடுத்த தடவை கிள்ளிவிடலாம் என்று இருந்திருப்பேன். ஆனால் அன்றைக்கு வேதசிரோமணி என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். நாடகத்தைப் பற்றியெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறவர். எங்களைத் திட்டலாம் என்று சார் வாயைத் திறந்த நேரம் அவர் மேடைக்குப் பின்னால் வந்து, சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எழுந்திருங்கள் என்கிறீர்கள், தேசம் எழுந்திருக்கவில்லை, குறட்டை விடுகிறது, இந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும் என்றார். பலியானவர்களையே சாம்பிராணியால் தூங்கவைத்தது பெரிய குறியீடு என்றார். சார் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு, மூன்று மாசம் உழைத்தோம் சார் என்றார்.

பேராசிரியர் ஒரு சிறுபத்திரிகையில் நாலு பக்கம் எழுதினார். குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சார் எங்களுக்கு மறுபடி ஒத்திகை வைத்தார். இந்தத் தடவை தூங்குவதற்கு.

தூங்கு என்று சொன்னால் தூக்கம் வருமா? படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பொன்னுரங்கத்தைக் கவிதையின் ஏழாவது வரிக்கு ஒரு குறட்டை, பன்னிரண்டாவது வரிக்கு இரண்டு என்று விடச் சொன்னார் சார். பொன்னுரங்கம் முயன்றார். எருமை தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது.

"சார், கொறட்டைய நான் உடறதில்ல. அதுவா வருது" என்றார்.

குரோம்பேட்டையில் வந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கட்டுரையைப் படித்தவர்கள். குறட்டை வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கங்காக்காவின் வரியை சார் எடுத்துவிட்டார். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் இப்போது நாடகமே, அதில் நீ எழுந்து பேசினால் எல்லாம் கெட்டுவிடும் என்று விளக்கினார். தழும்பு மட்டுமாவது என்று கேட்டாள். முடியாது என்றார். புதுசாக எழுதுகிற நாடகத்தில் சேர்க்கிறேன் என்றார். புது நாடகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

பல்லாவரத்துக்குப் புறப்படுகிற அன்று அவள் வெள்ளைத் துணியை மடித்து சார் கையில் கொடுத்தாள்.

"பேரு சொல்லாத எடத்துல நான் இன்னாத்துக்கு சார் படுக்கணும்? படுக்கறதுக்கு எனக்கு வூட்லயே எடம் கீது."

அவள் இடத்தில் ஒரு தலையணையைச் சுருட்டித் துணி போர்த்தினார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் மேடவாக்கம்வரை போனேன். பரோட்டா இருந்தது, போனேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அங்கே வயலுக்கு நடுவில் மேடை. படுத்திருக்கும்போது, அப்பாதுரை பெயரை நாமே எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தலையணைக்கு அந்தப் பக்கம் சார் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பாய் வந்துவிட்டார், நான் தூங்கிவிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கங்காக்கா கல் உடைப்பதை விட்டுவிட்டு ரயில்வே காலனியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். மாற்றலாகி யார் புதுசாக வந்தாலும் முதல் நாளே, சார் போபால் பக்கம் டியூட்டி போனதுண்டா என்று கேட்டுவிடுவாளாம். உண்டு என்றால் புருவத் தழும்பைச் சொல்லுவாள். ஈறையும் சேர்த்துக்கொண்டுவிட்டாள், அங்கே வெட்டுவதற்குத் தட்சிணாமூர்த்தி சார் இல்லை. இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

போன மாசம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னாடா பொணம், முயிச்சிக்கினியா?" என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தாள், நன்றாக வளர்ந்திருக்கிறதே என்றாள், வண்டி வருகிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.

கங்காக்காவுக்கு நான் ஒரு கிள்ளு பாக்கி.